முதுமொழியும் அதன் இடனும்
அயர்லாந்து நாட்டுப்புறப் பழமொழிகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

அயர்லாந்து நாட்டின் பழைய மொழியாகிய ஐரிஷில் பழமொழிக்கு வழங்கும் பெயர் 'ஷானொகல்' என்பது. 'ஷான்' என்பது பழமையையும், 'ஃபொகல்' என்பது சொல்லையும் குறிக்கும். இரண்டும் புணருங்கால் பின்னதன் முதலொலி கெட்டு ஒரு சொல்லாய் நிற்கும். எனவே, நம் 'முதுமொழி' என்னும் பெயருக்கும் அப்பெயருக்கும் பொருளளவில் வேறுபாடு இல்லை. இவ்வொற்றுமை இரு நாட்டார்க்கும் இருந்த தொடர்பால் விளைந்ததன்று. முன்னோர் சொல்லிச் சென்றது என்ற எண்ணமே அத்தகைய சொற்களுக்கு மதிப்புத் தருகின்றது என்னும் உண்மையை இரு மொழியினரும் தனித்தனியே கண்டனர் என்க.

ஆயின், இப்பெயர் ஆராய்ச்சியாளரை ஒரு வகையில் மயக்கவும் கூடும். பழமையே பழமொழியின் இலக்கணம் என்று கருதிவிட்டால், அதனைத் தொல்பொருள்போல எடுத்து அடுக்கி வைப்பதே நம் கடன் என்ற முடிவிற்கு வந்துவிடுவோம். தொல்காப்பியர் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் கூறுங்கால் அதன் நுட்பத்தையும் சுருக்கத்தையும் எடுத்துரைத்ததோடு நில்லாமல், கருதிய ஒரு பொருளைக் காரணங்காட்டி முடித்தற்கு வருவது அது என்றும் குறிக்கின்றார். இங்குக் கருதத்தக்கது இதுவே: முதுமொழி தனித்து வருவதன்று. அதற்கு முன் ஒரு பொருள் பேசப்பட்டிருத்தல் வேண்டும். பேசுவோரும் கேட்போரும் இருத்தல் வேண்டும். முடிக்கவேண்டிய வழக்கு ஒன்றும் இருத்தல் வேண்டும். இவையனைத்தையும் சேர்த்து 'இடன்' எனக் குறிப்போம்.

இவ்வளவுகோலைக் கொண்டு, ஐரிஷ் முதுமொழிகள் தொகுக்கப்பெற்ற முறையையும் அவற்றிற்குக் கூறப்பெற்ற விளக்கங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சொற்கள் பெரிதும் காக்கப்பெற்றன, இடன் பெரிதும் கைவிடப்பட்டது, இடனின்றி எஞ்சிய சொற்களைக் கொண்டு ஒரு நாட்டினத்தின் பண்பை அளப்பது பொருந்தாது என்பனவே ஈண்டு நிறுவப்பெறும் முடிபுகள்.

தொகுத்தோர் பணி

கூனோ மேயர் என்னும் செருமானிய அறிஞர் 1906-இல் பதிப்பித்த 'அயர்லாந்தின் மும்மைகள்' என்னும் பழைய நூலை அவர் 9-ஆம் நூற்றாண்டினதாகக் கருதினார். பண்டைச் சட்ட நூல்களிலும் முதுமொழி போன்ற தொடர்கள் தீர்ப்பிற்குச் சான்றாக நிற்கின்றன. ஆகவே, ஐரிஷ் முதுமொழி தொடக்கத்திலேயே வழக்காடும் கருவியாக இருந்தது என்பது தெளிவு. உழவர் வாய்மொழியினின்று தொகுக்கும் முயற்சி வலுப்பெற்றது 19-ஆம் நூற்றாண்டின் இடையிலேயாம். பெல்பாஸ்ட் நகரத்து இராபர்ட் மெக்காடம் என்பார் தாம் அல்ஸ்டர்ப் பகுதியில் திரட்டிய 600 பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1858 முதல் தொல்லியல் இதழொன்றில் வெளியிட்டார்.

அக்காலத்தை நாம் மறத்தலாகாது. 1845 முதல் 1852 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சம், ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியையும் தெற்குப் பகுதியையும் மிகுதியாகத் தாக்கியது. பட்டினியாலும் நோயாலும் மாண்டோர் ஒருபுறம். கப்பலேறி நாடு நீங்கியோர் மற்றொருபுறம். எஞ்சியோரும் தம் மக்களை ஆங்கிலம் பேசப் பழக்கினர். பழமொழி தொகுத்தோர் அழிந்துகொண்டிருக்கும் மொழியின் முன் நின்று விரைந்து எழுதியவர் ஆவர். அவர்தம் தொகுப்புகளில் குறை காணுமிடத்தும் இதனை உளங்கொள்ளல் வேண்டும்.

1893-இல் மொழிமீட்சிக்கெனக் கேலிக் கழகம் தோன்றியபின் தொகுப்பு நூல்கள் தொடர்ந்து வந்தன. ஆங்கிலத்தில் ஹென்றி மாரிஸ் என அறியப்பட்ட அறிஞரின் அல்ஸ்டர்த் தொகுப்பு 1907-இலும், ஓ'ரஹிலியின் பல்வகைத் திரட்டு 1922-இலும், 'வல்லூறு' என்று பொருள்படும் புனைபெயர் பூண்ட எழுத்தாளரின் மன்ஸ்டர்த் தொகுப்பு 1926-இலும் வெளிவந்தன. தொமாஸ் ஓ மாலியே என்பாரின் கொனாக்ட் தொகுப்பு 1948, 1952 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1935-இல் அமைந்த ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் 1937 முதல் 1939 வரை பள்ளி மாணவரைக் கொண்டே ஒரு பெருந்தொகுப்பு நிகழ்த்தியது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளைச் சார்ந்த 50,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் தம் பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் அயலாரையும் வினவி எழுதினர். ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள் கொண்ட அத்தொகுப்பு இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறுப்பில் உள்ளது. இணையத்திலும் படிக்கக் கிடைக்கின்றது. ஐரிஷ் மறைந்த ஊர்களில் அம்மொழிப் பழமொழிகள் ஆங்கில உடை பூண்டு எவ்வாறு உயிர் வாழ்ந்தன என்பதற்கு இது சிறந்த சான்று.

இப்பணியின் அருமையை எவரும் மறுக்கவியலாது. எனினும், மேற்கூறிய தொகுப்புகளுள் பல மாகாணம் என்னும் எல்லையைத் தமக்கு வகுத்துக்கொண்டமை சிந்திக்கத்தக்கது. கிளைமொழி வேறுபாட்டைக் காட்டுதற்கு அவ்வெல்லை பயன்படும். பழமொழியின் ஆட்சியைக் காட்டுதற்கு அது போதாது. ஒரே பழமொழி நான்கு மாகாணங்களிலும் வழங்கக் காண்கின்றோம். யார், யாரிடம், எதன்பொருட்டு அதனைக் கூறினார் என்னும் செய்தியே வேறுபாட்டை உணர்த்த வல்லது. பட்டியலில் அச்செய்திக்கு இடமில்லை.

இடனும் பொருளும்

'குதிரையே, உயிரோடிரு, உனக்குப் புல் கிடைக்கும்' என்பது அயர்லாந்து முழுவதும் வழங்கும் பழமொழி. பனிக்காலத் தீவனம் தீர்ந்து, இளவேனிற் புல் இன்னும் தழையாத நாள்களே இதன் பின்னணி. இங்கிலாந்தில் இதனோடு உறவுடைய வேறொரு பழமொழி, புல் வளர்வதற்குள் குதிரை பட்டினியால் மடியும் என்று கூறும். அது நிகழ்ச்சியைக் கூறி முடிக்கின்றது. ஐரிஷ் பழமொழியோ குதிரையை விளித்து ஏவுகின்றது. புல் தருவேன் என்று சொல்வோன் உரைக்கவில்லை என்பதைக் காண்க. அதுவரை உயிரோடிருத்தல் குதிரையின் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளது.

இதனைத் தாய் ஒருத்தி மகனுக்குச் சொன்னால் ஆறுதல். கூலிக்காகக் காத்திருக்கும் வேலையாளிடம் நிலமுடையான் சொன்னால் அது தட்டிக்கழிப்பு. அரசினர் வாக்குறுதியைக் கேட்டு வந்த உழவர் இருவர் வீடு திரும்பும் வழியில் தமக்குள் சொல்லிக்கொண்டால் எள்ளல். சொல் ஒன்றே; பொருள் மூன்று. 'பொறுமையின் சிறப்பு' என்னும் தலைப்பின்கீழ் இதனை அடைக்கும் தொகுப்பாசிரியர் முதற்பொருளை மட்டும் ஏற்று ஏனைய இரண்டையும் விலக்கிவிடுகின்றார். விலக்கப்பட்டவை எளியோரின் பொருள்கள் என்பதே இங்குக் கவலைக்குரியது. பணிவைப் போதிப்பதுபோல் தோன்றும் சொல்லிற்குள் பணியாமையும் உறைதல் கூடும் என்பதைத் தலைப்பு மறைத்துவிடுகின்றது.

மற்றொன்று: 'காற்றடிக்கும் நாள் ஸ்கொலப் குத்தும் நாளன்று' என்பது. ஸ்கொலப் என்பது கூரை வேய்வார் வைக்கோலைப் பிணித்து நிறுத்தப் பயன்படுத்தும் பிளந்த குச்சி. காட்டு வாதுமை, அலரி வகை ஆகிய மரங்களின் இளங்கிளையைச் சீவி, நடுவில் முறுக்கி வளைத்துக் கூரையிற் செருகுவர். முன்னரே வெட்டிப் பதப்படுத்தி வைத்தாலன்றி வேண்டுங்கால் அது கிடையாது. புயல் எழுந்தபின் தேடுவோன் கூரையை இழப்பான். அட்லாண்டிக் கடலோரத்தில் காற்றின் கடுமை கருதிக் கூரையைக் கயிறுகளாற் கட்டி நிறுத்தும் வழக்கம் உண்டு. இன்று பெரும்பாலான வீடுகள் கற்பலகையும் ஓடும் வேய்ந்தவை. பழமொழியோ இன்னும் வழங்குகின்றது. பொருள் மறைந்தபின்னும் பழமொழி வாழும் என்பது இதனாற் பெறப்படும். ஆயின், சொல்வோர் கையில் அக்குச்சியின் நினைவு இருந்தபோது இச்சொல் செயல்முறை அறிவு. அந்நினைவு நீங்கியபின் பொதுவான அறிவுரை. இவ்விரண்டும் ஒன்றல்ல. தொகுப்பில் இவ்வேறுபாடு புலனாவதில்லை.

சொல்லும் மொழிபெயர்ப்பும்

இடன் என்பது ஊரும் காலமும் மட்டுமன்று. மொழியும் பழமொழிக்கு இடனே. 'ஒருவர் ஒருவருடைய நிழலில் மக்கள் வாழ்கின்றனர்' என்பது மிகப் புகழ்பெற்ற ஐரிஷ் முதுமொழி. இதில் நிழல் எனப் பெயர்த்த சொல் 'ஸ்கா' என்பது. அதற்கு நிழல் என்ற பொருளும், காப்பு, மறைப்பு ஆகிய பொருள்களும் உள. ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இருளைக் குறிக்கும் நிழற்சொல்லையோ, புகலிடத்தைக் குறிக்கும் காப்புச்சொல்லையோ தேர்ந்துகொள்ள நேர்கின்றது. எதனைத் தேர்ந்தாலும் மற்றொன்று குன்றுகின்றது. தமிழில் குடைநிழல், தாள்நிழல் என வழங்குமிடத்து நிழல் காப்பையும் அருளையும் உணர்த்துதலால், நமக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. ஐரிஷ் முதுமொழிகளை ஆங்கில வாயிலாக மட்டும் அறிவோர்க்கு இது ஓர் எச்சரிக்கை.

இம்முதுமொழிக்கு அறுவடைக்கும் புல்கரி வெட்டுதற்கும் அயலார் கூடி உழைக்கும் 'மெஹல்' என்னும் வழக்கத்தைச் சான்றாகக் காட்டி, ஐரிஷ் சிற்றூரின் அன்பு வாழ்க்கையை இது புலப்படுத்துகின்றது என்பர். அது பொருந்தும், ஆயினும் முழுமையன்று. ஒருவர் நிழலில் மற்றொருவர் வாழும் ஊரில் ஒருவர் கண்ணிலிருந்து மற்றொருவர் தப்புதலும் இயலாது. 'வேலிக்குக் காது உண்டு' என்பதும், 'ஒரு பெண் சொன்னாள் என்று ஒரு பெண் எனக்குச் சொன்னாள்' என்பதும், 'ஒருவன் மூக்கை அவன் வாயே உடைத்தது பலகால்' என்பதும் அதே ஊரில் பிறந்தவை. நெருக்கம் என்னும் ஒரே நிலையின் இரு முகங்கள் இவை. முன்னதை மட்டும் எடுத்து வாழ்த்தட்டையில் அச்சிடுவது பின்னதை அறியாமையால் வருவது.

மொழிபெயர்ப்பால் விளைந்த பிழைக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. பயணம் புறப்படுவோர்க்கு ஐரிஷில் கூறும் வாழ்த்தொன்றை, 'சாலை எழுந்து உன்னை எதிர்கொள்க' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வழங்குவர். கோப்பைகளிலும் துணிகளிலும் பொறித்து விற்பர். அவ்வாழ்த்திலுள்ள வினை தனித்து நின்றால் எழுதலைக் குறிக்கும். அங்குள்ளவாறு உருபேற்று வருங்கால் வெற்றியுறுதலையே குறிக்கும். 'உன் பயணம் நன்கு நிறைவேறுக' என்பதே கருத்து. சாலை எழும் வியப்புக் காட்சி ஐரிஷ் உழவர் உள்ளத்தில் தோன்றியதன்று. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததனால் தோன்றியது. ஐரிஷ் கற்பனை வளத்திற்கு இதனையே சான்று காட்டுவோரும் உளர் என்பது நகைப்பிற்குரியது.

வடிவம்

ஐரிஷ் முதுமொழிக்குத் தனித்தன்மை உண்டெனில் அது கருத்தினும் வடிவில் மிக்குத் தோன்றும். 'இதனினும் அது நன்று' என்னும் ஒப்பீட்டு அமைப்பு அவற்றுள் பெருவழக்கு. 'தீய நிலையினும் நல்ல ஓட்டம் நன்று' என்பது ஒன்று. எதிர்த்து நிற்றலே வீரம் எனக் கூறும் காப்பியக் கதைகளை உடைய நாட்டில், ஓடிப் பிழைத்தலும் அறிவே என்று உழவன் கூறுகின்றான். ஒலியழகிற்கு, 'நடை மிக்கவன் கதை மிக்கவன்' என்னும் பொருளுடைய பழமொழி சான்று: 'ஷூலக்', 'ஷ்கேலக்' என்னும் இரு சொற்கள் தம்முள் இயைந்து நிற்க, நடையும் கதையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

இவ்வமைப்பின் ஆற்றலைப் பின்னாளைய மொழியியக்கத்தார் நன்கு அறிந்திருந்தனர். 'திறமான ஆங்கிலத்தினும் உடைந்த ஐரிஷ் நன்று' என்பது இன்று முதுமொழியாகவே வழங்குகின்றது. 'பிரிஷ்ட', 'கிளிஷ்ட' என்னும் இயைபும் பழைய ஒப்பீட்டு அமைப்பும் அதற்கு முதுமையின் தோற்றத்தைத் தந்தன. ஐரிஷ் ஒன்றையே அறிந்த முற்காலத்து ஊரில் இச்சொல் பிறந்திருத்தல் இயலாது. மொழியை இழந்தோர் மீண்டும் கற்கத் தொடங்கிய காலத்திற்கே அது உரியது. அவ்வாறாயின் இதனை முதுமொழி அன்று எனத் தள்ளலாமோ? தள்ளலாகாது. தயங்கிப் பேசும் ஒருவனை ஊக்குவிக்கும் வழக்கை அது முடித்துவைக்கின்றது. முதுமொழியின் இலக்கணம் ஆண்டுக் கணக்கன்று என்று முன்னர்க் கூறியதற்கு இதுவே தக்க சான்று.

மும்மை அமைப்பும் ஈண்டுக் கருதத்தக்கது. திரிகடுகம் பயின்ற நமக்கு மூன்று பொருள்களை ஒருங்கு தொகுத்துக் கூறும் முறை புதிதன்று. ஆயின், திரிகடுகத்தில் மூன்றும் பெரும்பாலும் ஒத்த நிறையுடையன. ஐரிஷ் வாய்மொழி மும்மைகளிலோ முதலிரண்டும் படிகளாக நிற்க, மூன்றாவதே குறிப்பாக வருதல் மிகுதி. கூரிய கண்கள் மூன்று: தானியத்தைத் தேடும் கோழியின் கண், ஆணியைத் தேடும் கொல்லன் கண், மருமகளைத் தொடரும் கிழவியின் கண். முதலிரண்டையும் கேட்டு ஒப்பிய கேட்போர் மூன்றாவதை மறுக்கவியலாது நகைப்பர். பஞ்சத்திற்குப் பின் நிலத்தைப் பிரிக்காமல் ஒரே மகனுக்கு விடும் வழக்கம் வலுப்பெற்றது. அம்மகன் மணக்கும் பெண், சீர்வரிசையுடன் மாமியார் ஆண்ட அடுப்படிக்கே வந்து சேர்ந்தாள். ஒரு கூரைக்கீழ் இரு பெண்டிர்க்கும் ஒரே அடுப்பு. இச்சூழலை அறிந்தபின், அம்மும்மை கிழவியரை இகழும் வெற்று நகையாக நமக்குத் தோன்றுவதில்லை. உரிமையை இழந்தவள் ஒருத்தியின் நிலை அதனுள் தெரிகின்றது. நம்பத்தகாதன மூன்று எனக் காளையின் கொம்பையும் குதிரையின் குளம்பையும் கூறி ஆங்கிலேயன் புன்னகையில் முடிக்கும் மும்மையும் இவ்வகையினதே. விலங்கின் தீங்கு வெளிப்படையானது. புன்னகையின் தீங்கு அன்னதன்று என்னும் அரசியற் குறிப்பு அதன் வரிசையிலேயே அடங்கியுள்ளது.

நாட்டுப் பண்பு என்னும் கோட்பாடு

பழமொழிகளைக் கொண்டு ஐரிஷ் மக்களின் உள்ளப்பண்பை வரையறுக்கும் வழக்கம் நெடுநாளையது. இக்கோட்பாட்டிற்கு மூன்று தடைகள் உள. முதலாவது, இப்பழமொழிகளுள் பல ஐரோப்பாவிற்கே பொதுவானவை. 'பசி நல்ல சுவைச்சாறு' என்பதனைப் பஞ்சம் கண்ட ஐரிஷாரின் துயர மொழி எனல் எளிது. அக்கருத்து இலத்தீனிலேயே உள்ளது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் வழங்குகின்றது. பஞ்சம் அதனைப் படைக்கவில்லை. பஞ்சத்திற்குப் பின் அதனைச் சொன்னவர் வாயில் அது வேறொரு கசப்பைப் பெற்றிருக்கலாம். அதனை அறிதற்கோ இடன் வேண்டும்.

இரண்டாவது, பழமொழிகள் தம்முள் முரணுகின்றன. 'இளையோரைப் புகழ், அவர் தழைப்பர்' என்று ஒன்று வளர்ப்பின் ஆற்றலைக் கூறும். 'பூனையின் மகன் எலியைக் கொல்லாது வேறென் செய்யும்' என்று மற்றொன்று பிறவியின் ஆற்றலைக் கூறும். ஐரிஷார் எதனை நம்பினர் என வினவுதல் பொருந்தாது. இரண்டையும் அவர் வைத்திருந்தனர். வேண்டுமிடத்து வேண்டியதை எடுத்தனர்.

மூன்றாவது, வட்டார வழக்குகளுக்கு ஊரார் கூறும் வரலாறுகள் பல பின்னர் எழுந்தவை. எவ்வகையிலேனும் ஒன்றை முடித்தல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹூக்', 'குரூக்' இணைத்தொடரை, வாட்டர்ஃபோர்டு துறைமுகத்தின் இருபுறத்தும் உள்ள ஹூக், குரூக் என்னும் இரண்டு இடங்களோடு தொடர்புறுத்தி, 1649-இல் அந்நகரை முற்றுகையிட்ட குரோம்வெல் கூறியது என்பர். அத்தொடர் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளிலேயே காணப்படுதலால் அவ்வரலாறு நிற்காது. ஆயினும் அவ்வூரார் ஏன் அவ்வாறு கூறினர் என்பது ஆராயத்தக்கது. தம் கரையிலுள்ள இரு பெயர்களையும் தம்மை வருத்திய படைத்தலைவனையும் உலகறிந்த ஒரு தொடருள் அவர் அமைத்துக்கொண்டனர். சொற்பிறப்பாக அது பிழை. ஊர் நினைவாக அது மெய். திறனாய்வாளர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

முடிவுரை

அங்ஙனமாயின் தொகுப்புகள் பயனற்றவையோ எனின், அற்றன்று. அவை இல்லையேல் ஆய்வே இல்லை. செய்யத்தக்கது யாதெனின், பட்டியலை விட்டுப் பேச்சினுள் பழமொழி வருமிடங்களைத் தேடுதலாம். ஆணையத்தின் முழுநேரத் தொகுப்பாளர் எழுதிய நாட்குறிப்புகள் உள. 1953-இல் குடிமக்கள் முற்றும் நீங்கிய பெரிய பிளாஸ்கெட் தீவைச் சார்ந்த தொமாஸ் ஓ கிரிஹன் எழுதி 1929-இல் வந்த தன்வரலாறும், பெக் சேயர்ஸ் சொல்ல எழுதப்பட்டு 1936-இல் வந்த தன்வரலாறும் உள. அவற்றுள் பழமொழி ஒரு துயரின் முடிவிலோ, ஒரு சண்டையின் நடுவிலோ, ஒரு நகைப்பின் தொடக்கத்திலோ வந்து நிற்கக் காணலாம். அங்கேயே அதன் பொருள் உளது.

வாழும் பழமொழிக்கு மற்றோர் அடையாளமும் உண்டு; அது கேலிக்கு ஆளாகும். 'உன் சொந்த அடுப்பங்கரைபோல் ஓர் அடுப்பங்கரை இல்லை' என்பது இரவிலும் தணல் அவியாது சாம்பலிட்டுக் காத்த குடும்பங்களின் சொல். அடுப்பைக் குறிக்கும் சொல்லின் ஒலியைச் சற்றே பிறழச்செய்து, 'உன் சொந்தப் புட்டத்து வலிபோல் ஒரு வலி இல்லை' என்று இன்றைய ஐரிஷ் பேசுவோர் நகையாடுவர். அறிஞர் சிலர் இதனை இழிவெனக் கருதுதல் கூடும். மொழி அறியாதாரால் இந்நகையைச் செய்யவும் இயலாது, சுவைக்கவும் இயலாது. கோப்பையிற் பொறித்த பழமொழியை எவரும் கேலி செய்வதில்லை, அது மாண்டுவிட்டது.

நம் மாணவர் ஊர்தோறும் சென்று பழமொழி தொகுக்கின்றனர். அவர் குறிப்பேட்டில் சொல்லோடு, சொன்னவர் எவர், கேட்டவர் எவர், அப்பொழுது நடந்தது யாது என்னும் மூன்றும் இடம்பெறுமாயின், அயர்லாந்துத் தொகுப்பாளர் விரைவிற்குத் தந்த விலையை நாமும் தரவேண்டுவதில்லை.